உஷார்! தலைக்காயம் ஆறிவிட்டது, பார்வை?

தலையில் அடிபட்டு ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியவர், நடக்கும்போதெல்லாம் ஒரே பக்கத் தோளைக் கதவு நிலையில் இடித்துக்கொள்கிறாரா? தட்டில் வலது பக்கச் சோற்றை மட்டும் சாப்பிட்டுவிட்டு, இடது பக்கம் அப்படியே இருக்க, "இன்னும் கொஞ்சம் போடு" என்கிறாரா? காரிமங்கலம் பஸ்ஸின் போர்டைப் பார்த்து 'மங்கலம்' என்று படிக்கிறாரா? உஷார்! 'அடிபட்டதிலிருந்து ஆள் ஒரு மாதிரி ஆயிட்டார்' என்று சொல்லி விட்டுவிடாதீர்கள். அவருக்குப் பாதி உலகம் தெரியாமல் போயிருக்கலாம். அப்படிப் போனது அவருக்கே தெரியாமலும் இருக்கலாம்.

இதே ஆள்தான் தையல் பிரித்த மறுவாரம் பைக் சாவியைத் தேடுவார். எனக்குப் பெரிய பயமே அந்தச் சாவிதான்.

தருமபுரி மாவட்டத்தில் தலைக்காயத்துக்குப் பஞ்சமில்லை. பெங்களூரையும் சேலத்தையும் இணைக்கும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை மாவட்டத்தை நீளவாக்கில் அறுத்துக்கொண்டு போகிறது. அதில் தொப்பூர் கணவாய் இறக்கம் எப்படிப்பட்டது என்பதை இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. 2020 டிசம்பரில் லாரி மோதி வரிசையாகக் கார்கள் நசுங்கியதும், 2024 ஜனவரியில் மோதிய வண்டிகள் தீப்பற்றி எரிந்ததும் இன்னும் கண்ணில் நிற்கின்றன. அப்போதெல்லாம் இறந்தவர்களை எண்ணுகிறோம். பிழைத்து வந்தவர்களில் எத்தனை பேர் பார்வையைத் தொலைத்துவிட்டு வந்தார்கள் என்று கேட்பதில்லை. சாலையோடும் இது முடிவதில்லை. புளி உலுக்க மரமேறி விழுபவர்கள், பெங்களூரில் கட்டட வேலைக்குப் போய்ச் சாரத்திலிருந்து விழுபவர்கள், எருது விடும் விழாவில் தூக்கியெறியப்படும் இளைஞர்கள் என்று பட்டியல் நீளும். "ஸ்கேன்ல ரத்தக்கட்டு இல்லையாம், ஒண்ணும் பயமில்லையாம்" என்று அனுப்பி வைக்கப்படுகிறவர்களும் அதில் உண்டு.

பார்ப்பது கண் மட்டும் செய்யும் வேலை இல்லை. கிணற்று மோட்டார் நல்லபடியாக இருந்தாலும் கம்பத்திலிருந்து வரும் லைன் அறுந்தால் தண்ணீர் வராது, பார்வையும் அப்படித்தான். விழித்திரையிலிருந்து கிளம்பும் நரம்பு மூளையின் அடியில் பாதிப் பாதியாகப் பிரிந்து குறுக்கே கடந்து, கடைசியில் பிடரிப் பக்கத்து மூளைக்குப் போய்ச் சேருகிறது. உங்களுக்கு இடப்பக்கம் இருப்பதெல்லாம், எந்தக் கண்ணால் பார்த்தாலும், வலது மூளையில்தான் பதிவாகிறது. வலது பிடரி மூளை சேதப்பட்டால் இரண்டு கண்ணிலும் இடது பாதி போய்விடும். இந்த வரைபடத்தை மருத்துவ உலகம் அறிந்து நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. ரஷ்ய–ஜப்பானியப் போரில் தலையில் குண்டு பாய்ந்து பிழைத்த சிப்பாய்களைச் சோதித்து, மூளையின் எந்த இடம் பார்வையின் எந்தப் பகுதியைப் பார்க்கிறது என்று தட்சுஜி இனோயே என்ற ஜப்பானியக் கண் மருத்துவர் 1909-லேயே எழுதிவிட்டார். இருந்தும் இன்று நம் ஊரில் தலைக்காயத்துக்கு எழுதும் டிஸ்சார்ஜ் சம்மரிகளை வாங்கிப் பாருங்கள். பக்கவாட்டுப் பார்வையைப் பற்றி ஒரு வரி இருந்தால் அதிர்ஷ்டம்.

பாதிப் பார்வை போனவருக்கு அந்த இடத்தில் கறுப்புத் திரை தெரியாது. உங்கள் தலைக்குப் பின்னால் இருப்பது உங்களுக்குக் கறுப்பாகவா தெரிகிறது? அங்கே ஒன்றுமே இல்லாததுபோல இருக்கிறதல்லவா, அவருக்கும் அப்படித்தான். அதனால் அவர் "கண்ணு கொஞ்சம் மசமசன்னு இருக்கு" என்பதற்கு மேல் சொல்லமாட்டார். வீட்டில் கண்ணாடிக் கடைக்குக் கூட்டிப்போவார்கள். அங்கே சுவரில் தொங்கும் எழுத்துச் சார்ட்டைக் கடைசி வரி வரைக்கும் படித்துவிடுவார். ஏனென்றால் அந்தச் சார்ட் நடுப்பார்வையைத்தான் சோதிக்கிறது. தலையைக் கொஞ்சம் திருப்பித் திருப்பி எழுத்தைத் தேடிப் பிடித்துவிடலாம். 'கண் நார்மல்' என்று சொல்லி ஒரு கண்ணாடியும் சொட்டு மருந்தும் கொடுத்து அனுப்புவார்கள். அத்துடன் குடும்பமும் நிம்மதியாகிவிடும்.

லைசென்ஸ் விண்ணப்பத்தில் நாமே கையெழுத்திடும் படிவத்தில், நல்ல பகல் வெளிச்சத்தில் 25 மீட்டர் தூரத்தில் இருக்கும் காரின் நம்பர் பிளேட்டைப் படிக்க முடியுமா என்று ஒரு கேள்வி உண்டு. பாதி உலகம் தெரியாதவரும் அதற்கு மனசாட்சியோடு 'முடியும்' என்று எழுதலாம். நம்பர் பிளேட் தெரியும். இடப்புறச் சந்திலிருந்து ஓடிவரும் குழந்தை தெரியாது. வலது பாதி போயிருந்தால் எதிரே வரும் லாரியும், முந்திக்கொண்டு வரும் பஸ்ஸும் கடைசி நொடி வரை தெரியாது. "பக்கத்துல வந்தது தெரியலீங்க" என்று விபத்துக்குப் பின் சொல்பவர்களில் சிலர் பொய் சொல்லவில்லை. அவர்களுக்கு உண்மையிலேயே தெரியவில்லை.

வீட்டிலேயே ஒரு சின்னச் சோதனை செய்யலாம். அவருக்கு நேர் எதிரே, ஒரு கை நீளத் தூரத்தில், உட்காருங்கள். அவர் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு உங்கள் மூக்கையே பார்க்கட்டும். உங்கள் கையைப் பக்கவாட்டில் விரித்து விரல்களை ஆட்டுங்கள்: வலப்பக்கம் மேலே, கீழே, இடப்பக்கம் மேலே, கீழே. விரல் ஆடுவது தெரிந்ததும் சொல்லச் சொல்லுங்கள். பிறகு மறு கண். ஏதோ ஒரு பக்கத்தில், இரண்டு கண்ணிலும், விரல் தெரியவில்லை என்றால் உடனே கண் மருத்துவரிடம் போய் 'பெரிமெட்ரி' எனப்படும் ஃபீல்டு டெஸ்ட் கேளுங்கள். கண் நீர் அழுத்த நோயாளிகளுக்குக் குளுக்கோமா டெஸ்ட் என்று எடுப்பார்களே, அதே டெஸ்ட்தான். வீட்டுச் சோதனையில் எல்லாம் தெரிந்துவிட்டாலும் சந்தேகம் இருந்தால் டெஸ்டை விடாதீர்கள். விரல் ஆட்டுவதில் சின்னக் குறைகள் தப்பிவிடும்.

காத்திருக்கவே கூடாத அபாயங்கள் சில உண்டு. ஒன்று, கருமணி. அடிபட்டவர் தூக்கக் கலக்கமாக ஆகிக்கொண்டே போய், ஒரு கண்ணின் கருமணி மட்டும் விரிந்து நின்றால், உள்ளே மூளை அழுந்துகிறது. ஒரு நிமிஷமும் வீணாக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். இன்னொன்று, அடிபட்ட கண் புடைத்து, கல்லாக இறுகி, பார்வை மங்குவது. கண்ணுக்குப் பின்னே ரத்தம் தேங்கி நரம்பை நெரிக்கிறது. ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் அழுத்தத்தை விடுவிக்காவிட்டால் அந்தக் கண் திரும்பாது.

மூன்றாவதைப் பற்றிக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதுதான் ஏமாற்றுவது. தலையில் அடிபட்டுச் சில நாளோ சில வாரமோ கழித்து ஒரு கண் சிவக்கும், புடைக்கும். வீட்டில் 'மெட்ராஸ் ஐ' என்று நினைத்து மருந்துக் கடையில் சொட்டு மருந்து வாங்கிப் போடுவார்கள். சிவப்பு குறையாது. இரவில் படுத்தால் நாடித் துடிப்போடு சேர்ந்து தலைக்குள் 'புஸ்... புஸ்' என்று இரைச்சல் கேட்கும். அடிபட்ட வேகத்தில் மூளைக்குப் போகும் பெரிய ரத்தக்குழாய் கண்ணுக்குப் பின்னே கிழிந்து, அழுத்தமான ரத்தம் சிரைக்குள் பாய்ந்துகொண்டிருப்பதால் வரும் சத்தம் அது. தொடை வழியாகவோ கை வழியாகவோ மெல்லிய குழாய் செலுத்தி ஓட்டையை அடைக்கும் சிகிச்சை இன்று இருக்கிறது. சொட்டு மருந்தில் வாரங்களைக் கழித்தால் பார்வை போகும். தலைக்காயத்துக்குப் பின் சிவக்கும் கண்ணை மெட்ராஸ் ஐ என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள்.

புருவத்தில் அடி. பைக்கிலிருந்து விழுபவர்களுக்கு இது மிகச் சாதாரணம். புருவத்துக்கு மேலே நாலு தையல், அவ்வளவுதான் என்று நினைப்போம். ஆனால் அந்த அதிர்வு எலும்பு வழியாகப் போய், குறுகலான எலும்புக் குழாய்க்குள் ஓடும் பார்வை நரம்பை நசுக்கிவிடலாம். அந்தக் கண்ணில் பார்வை அடிபட்ட நொடியிலேயே போயிருக்கும். ஆனால் முகம் வீங்கி இமை மூடியிருப்பதால் யாரும் கவனித்திருக்கமாட்டார்கள். வீக்கம் வடிந்து திறந்து பார்க்கும்போது கண் வெளியில் பழுதே இல்லாமல் இருக்கும். உள்ளே நரம்பின் முனையும் முதல் சில வாரங்கள் ஆரோக்கியமாகவே தோன்றும், பிறகுதான் வெளுக்கும். இதைக் கண்டுபிடிக்க ஒரு டார்ச் போதும்: இரண்டு கண்ணிலும் மாற்றி மாற்றி வெளிச்சம் அடித்தால் பழுதான பக்கத்தில் கருமணி சுருங்குவதற்குப் பதில் விரியும். மருத்துவரிடம் 'டார்ச் அடிச்சுப் பாத்தீங்களா டாக்டர்?' என்று கேட்பதில் தவறொன்றும் இல்லை. தலைமேல் தொப்பிபோல் உட்காரும் அரை ஹெல்மெட் புருவத்தைச் சரியாகக் காப்பதில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

இந்த நரம்புக் காயத்துக்கு 'பெரிய ஊசி போட்டால் பார்வை வந்துவிடும்' என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. பெரிய ஊசி என்றால் அதிக அளவு ஸ்டீராய்டு. 1999-இல் வெளியான சர்வதேச ஆய்வொன்று ஸ்டீராய்டு கொடுத்தவர்கள், அறுவை செய்தவர்கள், வெறுமனே கண்காணித்தவர்கள் ஆகிய மூன்று தரப்பையும் ஒப்பிட்டது. ஸ்டீராய்டும் அறுவையும் கண்காணிப்பைவிடத் தெளிவாக மேல் என்று அதில் தெரியவில்லை. 2004-இல் வெளியான 'கிராஷ்' ஆய்வு அதைவிடப் பெரிய எச்சரிக்கை. தலைக்காயம் பட்ட பத்தாயிரம் பேரை வைத்து நடந்த அந்த ஆய்வில், அதிக அளவு ஸ்டீராய்டு பெற்றவர்களில் இரண்டு வாரத்துக்குள் 21 சதவீதம் பேர் இறந்தார்கள். பெறாதவர்களில் 18 சதவீதம். ஆகவே மூளைக் காயமும் இருக்கும்போது 'அந்த ஊசியைப் போடுங்க' என்று மருத்துவரை நெருக்காதீர்கள்.

ஒன்று இரண்டாகத் தெரிவது அடுத்த தொல்லை. கண்ணை அசைக்கும் நரம்புகளில் ஒன்று அடிபட்டால் வரும். படி இறங்கும்போது மட்டும் இரண்டாகத் தெரிந்து, கழுத்தை ஒரு பக்கம் சாய்த்தே வைத்திருப்பவர்களும் உண்டு; அவர்களுக்குக் கழுத்துச் சுளுக்கு என்று எண்ணெய் தேய்ப்பதைப் பார்க்கலாம். பல பேருக்கு இது ஆறு மாதத்துக்குள் தானாகச் சரியாகும். அதுவரை ஒரு கண்ணை மாற்றி மாற்றி மறைப்பதும், கண்ணாடியில் ஒட்டும் பட்டகத் (பிரிசம்) தாளும் உதவும். சரியாகாமல் ஒரே அளவில் நின்றுவிட்டால் தசை அறுவை உண்டு.

பக்கவாதமும் இதே கதைதான். பாதிப் பார்வை போவதற்கு முதல் காரணமே அதுதான். கை கால் விழவில்லை, வாய் கோணவில்லை, திடீரென்று ஒரு பக்கம் மட்டும் தெரியவில்லை என்றால்கூட அது பக்கவாதமாக இருக்கலாம். ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்துக்கு நாலரை மணி நேரம்தான் கெடு. பென்னாகரத்திலிருந்தோ அரூரிலிருந்தோ கண் ஆஸ்பத்திரியைத் தேடி அலைந்தால் அந்த நேரம் வழியிலேயே கரைந்துவிடும். நேராக சி.டி. ஸ்கேன் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

சரி, போன பார்வை வருமா? இதில் பொய்யான நம்பிக்கையும் கூடாது, பொய்யான அவநம்பிக்கையும் கூடாது. பாதிப் பார்வை இழந்தவர்களைப் பற்றி 2006-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், 100 பேரில் 40 பேருக்குச் சற்றுக் குறைவானவர்களுக்குப் பார்வைப் பரப்பு தானாகவே ஓரளவு மீண்டது. மீட்சியில் பெரும்பகுதி முதல் மூன்று மாதத்துக்குள் நடக்கிறது. ஆறு மாதத்துக்குப் பின் தானாக வருவது அரிது. எனவே முதல் வாரத்திலேயே பரப்பை அளந்து எழுதி வைக்க வேண்டும். அளவு இருந்தால்தான் மீள்கிறதா என்று தெரியும், பயிற்சியும் காலத்தோடு தொடங்கும். நம் ஊரில் பெரும்பாலும் அந்த மாதங்கள் கயிறு மந்திரிப்பதிலும், வேறு வேறு கண்ணாடி மாற்றுவதிலும் போய்விடுகின்றன. வயிறு எரிகிறது.

கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து ஒளிப்புள்ளிகளைப் பார்த்துப் பார்த்தே குருட்டுப் பக்கத்தை மீட்டுவிடலாம் என்று 1998-இல் ஜெர்மனியில் ஒரு பயிற்சி பெரிதாகப் பேசப்பட்டது. 2005-இல் அதே நாட்டில் வேறொரு குழு, விழித்திரையையே நேரடியாகக் கண்காணித்து, பார்வை நகராமல் பார்த்துக்கொண்டு அளந்தபோது குருட்டுப் பரப்பு சொல்லும்படி மாறவில்லை. இந்தத் துறையில் ஆராய்ச்சி தொடர்கிறது, தொடரட்டும். ஆனால் 'முப்பது நாளில் முழுப் பார்வை' என்று யாராவது பேக்கேஜ் விற்றால் உஷார்! ஸ்டெம் செல் ஊசி போட்டு மூளைப் பார்வையை மீட்கிறோம் என்பவர்களிடம் இன்னும் பத்து மடங்கு உஷார்! ரத்த நோய்கள் போன்ற அங்கீகரிக்கப்பட்ட சிலவற்றைத் தவிர, முறையான ஆராய்ச்சிக்கு வெளியே ஸ்டெம் செல்லைச் சிகிச்சை என்று கொடுக்கக் கூடாது என்பது 2017-ஆம் ஆண்டின் தேசிய வழிகாட்டு நெறி. ஆராய்ச்சி என்றால் உங்களிடம் காசு கேட்கமாட்டார்கள். நிலத்தை அடமானம் வைத்து இதற்குப் பணம் கட்டாதீர்கள்.

உதவுவது என்ன? தேடிப் பார்க்கும் பழக்கம். போன பாதியை மீட்பதைவிட, இருக்கும் பாதியைக் கொண்டு போன பக்கத்தைத் துழாவக் கண்ணுக்கும் கழுத்துக்கும் கற்றுக்கொடுப்பது. பிரிட்டனில் பக்கவாதத்தால் பாதிப் பார்வை இழந்தவர்களிடம் நடந்து 2017-இல் வெளியான ஆய்வில், இந்தத் தேடல் பயிற்சி பெற்றவர்கள் அன்றாட வாழ்க்கை எளிதானதாகச் சொன்னார்கள். பட்டகக் கண்ணாடி போட்டவர்களில் நிறையப் பேருக்குத் தலைவலி வந்தது. சிலருக்கு அது பொருந்தும், எல்லோருக்கும் இல்லை. ஆகவே பட்டகத்தையும் மருத்துவர் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும்.

தேடலை வீட்டிலும் பழக்கலாம். ஒரு பெரிய முறத்தில் புளியங்கொட்டைகளைப் பரப்பி, தெரியாத பக்க ஓரத்தை முதலில் கையால் தொட்டு, அங்கிருந்து வரிசை வரிசையாகத் தேடி எடுக்கச் சொல்லுங்கள். பல்லாங்குழி இதற்கென்றே செய்ததுபோல இருக்கிறது: வரிசையின் கடைசிக் குழி வரைக்கும் கண் போயாக வேண்டும். நாளிதழ் படிக்க, இடப்பக்கம் தெரியாதவருக்கு வரி தொடங்கும் ஓரத்தில் சிவப்புப் பட்டை ஒன்றை வைத்துக் கொடுங்கள். சிவப்பைக் காணும்வரை கண் திரும்பட்டும். வலப்பக்கம் தெரியாதவருக்கு வாசிப்பு இன்னும் கடினம், அடுத்து வரும் சொல் தெரியாது. வரிக்கு அடியில் ஸ்கேல் வைத்து விரலால் தள்ளிக்கொண்டே படிக்கலாம். சாப்பாட்டுத் தட்டைப் பாதியில் அரைச் சுற்றுத் திருப்பி வையுங்கள். படி விளிம்புகளுக்கு மஞ்சள் பெயிண்ட். சந்தைக்குக் கூட்டிப்போகும்போது அவருக்குத் தெரியாத பக்கம் நீங்கள் நடங்கள். பேசும்போது முதலில் தெரியும் பக்கம் நின்று பேசுங்கள். பழகப் பழக மறுபக்கம் நகருங்கள். தினமும் செய்ய வேண்டும், அரை மணி நேரமாவது.

பள்ளிப் பிள்ளைகளுக்கு வேறொரு முகம். கபடியிலோ சைக்கிளிலோ தலையில் அடிபட்ட பையன், ஸ்கேனில் ஒன்றுமில்லை. ஆனால் புத்தகத்தைத் திறந்தால் எழுத்து ஓடுகிறது, தலை வலிக்கிறது, வரி மாறிப்போகிறது. அவனைப் படிக்கச் சோம்பல் என்று அடிக்காதீர்கள். இரண்டு கண்ணும் சேர்ந்து உள்நோக்கித் திரும்பும் வேலை தளர்ந்திருக்கலாம். முறையான கண் பயிற்சி நல்ல பலன் தருகிற இடமே இதுதான். அடிபடாமலேயே மூளைப் பார்வை பாதிக்கப்படும் கைக்குழந்தைகளும் உண்டு. பிறக்கும்போது மூச்சுத் திணறிய குழந்தையோ, பிறந்த சில நாட்களில் ரத்தச் சர்க்கரை மிகவும் இறங்கிய குழந்தையோ, மூன்று மாதமாகியும் அம்மா முகத்தைப் பார்த்துச் சிரிக்கவில்லை என்றால், மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையத்துக்குக் கொண்டுபோங்கள். 'வளர வளரச் சரியாயிடும்' என்று சித்தேரி மலையிலும் வத்தல்மலையிலும் மட்டுமல்ல, டவுனிலும் சொல்கிறார்கள். மூளை வளைந்து கொடுக்கும் வயதே அதுதான், காத்திருந்தால் கைநழுவும்.

செலவைப் பற்றிய பயம் நியாயமானது. விபத்து என்றால், 2021 டிசம்பரில் தமிழக அரசு தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை, பட்டியலில் உள்ள மருத்துவமனைகளில், தனியாரிலும்கூட, இலவசம். எந்த ஊர்க்காரர் என்று பார்க்கமாட்டார்கள். ஆனால் அந்த 48 மணி நேரத்தில் உயிரைத்தான் காப்பார்கள். பார்வையைக் கேட்டு வாங்க வேண்டியது நாம். தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ, சேலத்திலோ, பெங்களூர் நிம்ஹான்ஸிலோ, எங்கே படுத்திருந்தாலும், டிஸ்சார்ஜ் சீட்டில் கையெழுத்துப் போடும் முன் இந்த மூன்றையும் கேளுங்கள்: கண் டாக்டர் வந்து பார்த்தாரா, பக்கவாட்டுப் பார்வையைச் சோதித்தார்களா, அதைச் சீட்டில் எழுதினார்களா. எழுதவில்லை என்றால் எழுதித் தரச் சொல்லுங்கள். ஃபீல்டு டெஸ்ட் முடிந்து, ஓட்டலாம் என்று மருத்துவர் சொல்லும்வரை வண்டிச் சாவியை அவர் கையில் கொடுக்காதீர்கள். கோபித்துக்கொண்டாலும் கொடுக்காதீர்கள்.